காந்தம் ஒட்டாத இடம்

தாராவி 60 அடி ரோடு. அதிலிருந்து பிரியும் ஒரு கல்லி. தோல்பை தைக்கும் கூடத்துக்கும் இட்லி மாவுக் கடைக்கும் நடுவே தகரக் கூரை போட்ட கராஜ். மூன்று கார் நிற்கும் இடம். இப்போது நிற்பவை இரண்டு முழுக்கார், ஒரு பாதிக்கார்.

முழுக்காரில் ஒன்று பிரீமியர் பத்மினி. கிரீம் நிறம். அதன் முன் குனிந்து நிற்கிறார் மெக்கானிக். கல்லியில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கையில், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். பெயின்ட் கீறாமலிருக்க அதன் மேல் ஒரு சுற்றுத் துணி.

பானெட்டில் வைக்கிறார். ஒட்டுகிறது. கூரையில் வைக்கிறார். ஒட்டுகிறது. இடப்பக்க மட்கார்டில், விளக்குக்கு மேலே ஒட்டுகிறது. சக்கரத்துக்குப் பின்னால் வழுக்குகிறது. கதவின் கீழ் விளிம்பில் வைத்ததும் விழுகிறது. பையன் எடுத்துக் கொடுக்கிறான். மறுபடியும் வைக்கிறார். மறுபடியும் விழுகிறது.

விழுந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம்.

தள்ளி இரண்டு பேர் நிற்கிறார்கள். அண்ணன், தம்பி. அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது, வீடு செம்பூரில். தம்பி மாட்டுங்காவில். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தம்பி ஒவ்வொரு வட்டத்தையும் போனில் படம் எடுக்கிறார்.

வலப்பக்கம் முடிவதற்குள் சாக்பீஸ் பாதியாகிறது. கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடுகின்றன.

"எல்லாம் பட்டி சார்" என்கிறார் அண்ணாச்சி. "பெயின்டுக்கு உள்ள பட்டி. பட்டிக்கு உள்ள துரு. தகடு இல்ல."

அண்ணன் மட்கார்டைத் தடவிப் பார்க்கிறார். வழவழவென்று இருக்கிறது.

பானெட் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஆர்.சி. புத்தகம். மடிப்புகளில் ஒட்டிய செல்லோடேப் பழுத்திருக்கிறது. ஆண்டு 1974. முதல் உரிமையாளர், அப்பா. இரண்டாவது, அண்ணன். மூன்றாவது பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது.

1974-இல்தான் இந்த மாடலுக்குப் பத்மினி என்று பெயர் வந்தது. 1964-இல் ஃபியட் 1100 டிலைட்டாகக் குர்லா ஆலையில் பிறந்தது. 1972-இல் பிரீமியர் பிரெசிடென்ட் ஆனது. பிறகு சித்தூர் ராணியின் பெயர். பெயர்கள் மாறின, 1,089 சி.சி. என்ஜினும் ஸ்டியரிங் தண்டிலிருந்து நீளும் கியர்க் கம்பியும் அப்படியே இருந்தன. வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய கம்பெனி. பணம் கட்டிப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த கார். மித்தி ஆற்றைத் தாண்டினால் குர்லா. ஆலை நின்ற நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள்.

டிக்கியில் பழைய நம்பர் பலகை கிடக்கிறது. கறுப்பில் வெள்ளை எழுத்து. தம்பி அதை எடுத்துக் கைக்குட்டையால் துடைக்கிறார். இரண்டு பக்கமும் பார்க்கிறார். திரும்ப வைக்கிறார்.

வண்டி ஓடி வரவில்லை. செம்பூரிலிருந்து இழுவை வண்டியில் வந்தது. நேர்வழி, சயான் ரயில்வே மேம்பாலம். 1912-இல் கட்டியது. சோதித்த ஐ.ஐ.டி. பம்பாய், பாதுகாப்பில்லை என்றது. 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பாலத்தின் மேல் போக்குவரத்து நின்றது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று முடிவு. ஆகவே இழுவை வண்டி சயான் ஆஸ்பத்திரி வழியாகச் சுற்றி, கும்பார்வாடாவின் பானை அடுக்குகளுக்கு நடுவே ஊர்ந்து வந்தது. இறக்கும்போது பத்மினியின் அடியிலிருந்து ஒரு கைப்பிடித் துரு தெருவில் கொட்டியது. பையன் பெருக்கித் தள்ளினான்.

அண்ணன் கையில் ஒரு ஃபைல். பில்கள். தேதி வரிசை தப்பவில்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மையில் ஒரு டிக்.

பெட்ரோல் பம்ப் டயஃப்ரம். பேட்டரி. மறுபடி டயஃப்ரம். மகள் கல்யாணத்துக்கு முன்னால் பெயின்ட். செல்ஃப் மோட்டார். தரையில் ஓட்டை, அலுமினியத் தகடு வைத்து ரிவெட், மேலே புது மேட். பேரன் பெயர் சூட்டலுக்கு முன்னால் பெயின்ட். டயஃப்ரம்.

எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. கல்யாண முகூர்த்தம் டிங்கர் பட்டறைக்காகத் தள்ளிப் போகாது. ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பம்பாய் மழை தரை ஓட்டை அடைபடும்வரை நிற்காது. அன்றன்றைக்கு எடுத்த முடிவு அன்றன்றைக்குச் சரியாகவே இருந்திருக்கிறது. ஃபைல் மூன்று விரல் தடிமனாகிவிட்டது.

கடைசியாகப் போட்ட டயஃப்ரமைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருக்கிறார் அண்ணாச்சி. ஓரம் ஊறி உப்பியிருக்கிறது. பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் அதில் ஊறிப் போகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

"இதையும் ஓஸையும் எத்தனால் தாங்குற ரப்பர்ல மாத்தணும். டேங்கை இறக்கிக் கழுவணும். இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல சார்."

"அது போதுமே" என்கிறார் அண்ணன். "மட்கார்டுல லேசா ஒரு டச்சப். தை மாசம் பேத்தி கல்யாணம். செட்டாநகர் முருகன் கோயில்வரை போய்த் திரும்பினாப் போதும்."

"இப்படிப் போதும் போதும்னுதான் அண்ணா இவ்வளவு வருஷம் ஓட்டினோம்" என்கிறார் தம்பி. "மொத்தமாப் பிரிச்சிடலாம். ஒரே தடவை. புது வண்டி மாதிரி ஆயிடும்."

அண்ணாச்சி யாருக்கும் பதில் சொல்லவில்லை. பையனைப் பார்க்கிறார். பையன் மூலைக்குப் போய்த் தார்ப்பாயை விலக்குகிறான்.

பாதிக்கார்.

இதுவும் ஃபியட். என்ஜின் இல்லை. கண்ணாடி இல்லை. நான்கு கதவுகளும் சுவரில் சாய்ந்திருக்கின்றன. உடம்பு முழுக்கச் சிவப்பு பிரைமர். பிரைமரையும் மீறித் துரு எட்டிப் பார்க்கிறது. சுற்றிலும் பெயின்ட் டப்பாக்கள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் போல்ட்டு, நட்டு, கிளிப். ஒவ்வொன்றிலும் லேபிள். 'முன் பம்பர்.' 'இடது கதவு.' பாதி லேபிள்கள் ஈரத்தில் அழிந்துவிட்டன. ஒரு பாட்டிலில் 'இது எங்கே?' என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒரே ஒரு ஸ்பிரிங்.

இதன் சொந்தக்காரர் முதலில் சனிக்கிழமைதோறும் வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு போன். இப்போது தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

பிரிப்பதற்குச் சில நாள் போதும். வெல்டிங்கும் நடந்துவிடும். வண்டி சாவது அதற்குப் பிறகுதான். கதவைச் சுற்றும் ரப்பர் பீடிங் வேண்டும். பின் கண்ணாடி ரப்பர் வேண்டும். கைப்பிடியின் குரோம் உரிந்திருக்கும். உள்கூரைத் துணி, வயர் கட்டு, கியர்க் கம்பியின் புஷ். கம்பெனி 2000-ஐ ஒட்டிப் பத்மினி தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஒரு கிளிப்புக்காகச் சோர் பஜாரில் அரை நாள். ஓபரா ஹவுஸ் ஸ்பேர் கடைகளில் அரை நாள். அங்கேயும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டைக்குப் போட்டோ போகும். அங்கிருந்து பார்சல் வரும். பிரித்துப் பார்த்தால் வலப்பக்கத்தது இருக்கும்; வேண்டியது இடப்பக்கத்தது. மறுபடி போட்டோ.

தம்பி பாட்டில் ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்க்கிறார். போனை எடுக்கவில்லை.

வாசலில் ஒரு எண்ணெய் டின் கவிழ்த்துப் போடப்பட்டிருக்கிறது. அதில் தினமும் ஒரு முதியவர் வந்து உட்காருகிறார். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1915 முதல் நடக்கும் பட்டறை. முறை வைத்து ரயில் பெட்டிகள் அங்கே வரும். பெட்டியைத் தூக்கி, சக்கரத் தொகுதியைத் தனியே உருட்டிவிட்டுத்தான் வேலை தொடங்கும்.

"தூக்கிப் பாருல" என்கிறார் முதியவர். "தூக்காம என்ன பேச்சு?"

ஜாக்கி வருகிறது. கீழே ஒரு மரக்கட்டை. இடப்பக்கக் கதவுகளுக்கு நடுவே, அடிப்பட்டையில் கொடுக்கிறார்கள். ஜாக்கி ஏறுகிறது. சக்கரம் ஏறவில்லை. ஏதோ நொறுங்கும் சத்தம். ஜாக்கியின் தலை பட்டைக்குள் புதைகிறது. இறக்குகிறார்கள். வேறு இடம். நீளக் கட்டை. மறுபடி ஏற்றுகிறார்கள்.

இப்போது வண்டி எழும்புகிறது. அண்ணாச்சி பின் கதவைத் திறந்து மூடுகிறார். மூடவில்லை. பூட்டு, நாக்குக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது. ஜாக்கியை இறக்குகிறார். கதவு மூடுகிறது. ஏற்றுகிறார். மூடவில்லை.

மூன்றாம் முறை அண்ணனே மூடிப் பார்க்கிறார்.

"லாரிக்கு சேஸ் தனியா இருக்கும் சார். பாடி அழுகினாலும் சேஸ் தாங்கும். இதுக்கு சேஸ் தனியாக் கிடையாது. பாடிதான் சேஸ். தரையும் இந்த ரெண்டு பட்டையும்தான் முன்னையும் பின்னையும் பிடிச்சு வச்சிருக்கு. பிடி விட்டுப் போச்சு. நாலு பேர் உக்காந்தா நடுவுல வளையுது."

ஸ்குரூடிரைவரைத் தரை மேட்டுக்கு அடியில் வைத்து அழுத்துகிறார். அது கைப்பிடிவரை இறங்குகிறது. கீழே படுத்திருக்கும் பையன் அதன் நுனியைப் பிடித்து ஆட்டுகிறான்.

அடுத்து என்ஜின். நான்கு பிளக்கையும் கழற்றுகிறார்கள். ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரெஷன் மீட்டர். பையன் செல்ஃப் அடிக்கிறான். முள் எழும்பி நிற்கிறது. அடுத்த துளை. அதே இடம். நான்கிலும் முள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. அண்ணாச்சியின் முகத்தில் இன்றைக்கு முதல் முறையாக ஒரு தெளிவு.

"இதைத் தொடக் கூடாது" என்கிறார்.

ஞாயிறு காலை. மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள். பாவ்தாஜி ரோட்டில் கஃபே மெட்ராஸ் வாசலில் கூட்டம். பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு எல்லோரும் நடைபாதையில் நிற்கிறார்கள். அண்ணனும் தம்பியும் நிற்கிறார்கள். பேசவில்லை.

சாலையோரம் டாக்சிகள். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. எல்லாம் வேகன்-ஆர், எர்டிகா வகை. ஒரு பத்மினியும் இல்லை, இருக்கவும் முடியாது. பம்பாயின் கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-இல் தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. 2023 அக்டோபர் 30 முதல் அந்த இனம் தெருவில் இல்லை. ஒன்றையாவது காட்சிக்கு வையுங்கள் என்று டாக்சிக்காரர்கள் சங்கம் கேட்டது. வைக்க வேண்டியதுதான். இந்த ஊரின் மூன்று தலைமுறை அதன் பின் சீட்டில் உட்கார்ந்து ரயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறது.

சொந்த வண்டிக்கு அந்த வரம்பு இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி காட்டிப் பதிவைப் புதுப்பித்தால் ஓடலாம். 20 ஆண்டு தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய்.

பெயர் கூப்பிடுகிறார்கள். மேசையில் ஏற்கெனவே இரண்டு பேர். அண்ணனுக்கு ரசம் இட்லி. தம்பிக்கு ராகி தோசை. தம்பி போனில் எதையோ தேடி மேசையின் குறுக்கே தள்ளுகிறார். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார்.

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதி. 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று தனியே பதியலாம். கட்டணம் 20,000. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். 1974 வண்டிக்கு வயது வந்துவிட்டது.

அண்ணன் விரல் திரையில் மெல்ல நகர்கிறது. ஓரிடத்தில் நிற்கிறது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸ், பாடி, என்ஜின் எதிலும் மாற்றம் செய்யும் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது. விரல் இன்னும் இறங்குகிறது. அன்றாட ஓட்டம் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பேரணி. அப்புறம் பெட்ரோல் போடவும் பராமரிக்கவும்.

"கோயிலுக்கு?" என்கிறார் அண்ணன்.

தம்பி போனை வாங்கிப் பையில் வைக்கிறார்.

பில் வருகிறது. இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீள்கின்றன.

"முழுச் செலவையும் நான் பார்த்துக்கறேன்" என்கிறார் தம்பி. ரசம் இட்லியைப் பற்றி அல்ல.

"வண்டி என் பேர்ல இருக்கு" என்கிறார் அண்ணன்.

மேசைக்காகக் காத்திருப்பவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். எழுந்திருக்கிறார்கள்.

கராஜின் ஷட்டரில் பெயின்டில் ஓர் எண். தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பில் எழுதியது. கல்லியின் ஒவ்வொரு கதவிலும் இப்படி ஓர் எண். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தளக்காரர்களுக்கு இங்கேயே இடம் என்பது அறிவிப்பு. மாடிக்காரர்களுக்குத் தாராவிக்கு வெளியே. கராஜுக்கு ஒரு பலகை மாடி உண்டு. பையன் அங்கேதான் தூங்குகிறான்.

ஸ்பேனர் பெட்டிக்கு மேலே அலமாரி. அலமாரியில் 'காலா' பட ரஜினி ஒட்டியிருக்கிறார். அவருக்குக் கீழே அண்ணாச்சியின் ஃபைல். பழைய லைட் பில்கள். தேதி வரிசை. செல்லோடேப் பழுத்திருக்கிறது.

அண்ணன் அந்த ஃபைலைப் பார்க்கிறார். "உங்களுக்கு இங்கேயே கிடைக்குமா?"

"பேப்பர் பார்த்துக்கிட்டிருக்காங்க சார்."

கட்டிங் சாய் வருகிறது. மூன்று கிளாஸ். முதியவருக்கு நான்காவது.

அண்ணாச்சி இரண்டு தாள்களை வைக்கிறார். ஒன்றில் ஐந்து இலக்கம். டயஃப்ரம், ஓஸ், டேங்க், பட்டி, பெயின்ட். மற்றதில் ஆறு இலக்கம். கீழே 'மேலும் ஆகலாம்' என்று எழுதியிருக்கிறது. அண்ணன் முதல் தாளை எடுக்கிறார். தம்பி இரண்டாவதை எடுக்கிறார்.

"ரெண்டும் நீங்க கேட்டது" என்கிறார் அண்ணாச்சி. "முதல் தாளை நான் செய்ய மாட்டேன். பட்டி மேல பட்டி போட்டு, குழந்தைகளை ஏத்திக்கிட்டுப் போங்கன்னு சாவி கொடுக்க மாட்டேன். வேற கராஜ்ல செய்வாங்க, நான் குறை சொல்லலை. ரெண்டாவது தாளைச் செய்வேன். ஆனா அந்த மூலையில இன்னொரு வண்டிக்கு எங்கிட்ட இடம் இல்ல."

சட்டைப் பையிலிருந்து மூன்றாவது தாள். மடித்தது. விரிக்கிறார்.

கதவடிப் பட்டை, இரண்டு பக்கம். வண்டி வளையாமல் இருக்க முதலில் கதவு வாசல்களில் குறுக்கே குழாய் வைத்து வெல்டிங். ஒரு பக்கம் முடித்து, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்த பிறகே மறுபக்கத்தை வெட்டுவது. தரைத் தகடு, 18 கேஜ். ஜாக்கி கொடுக்கும் இடங்கள். பின் கமான்பட்டை மாட்டும் இடம். பிரேக் ஓஸ், பிரேக் சிலிண்டர். டேங்க். டயஃப்ரம். பழைய வயரில் உருகியவை மட்டும்.

அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'இப்போது வேண்டாம்.' என்ஜின். கியர். குரோம். சீட். பெயின்ட்.

"எடை தாங்குற இடமெல்லாம் மேல இருக்கு. பார்வைக்கு இருக்கிறதெல்லாம் கீழ இருக்கு. மேல உள்ளதை முடிச்சா வண்டி ஓடும். ஓடுற வண்டிக்கு மத்ததை வருஷத்துக்கு ஒண்ணாச் செஞ்சுக்கலாம். பிரிச்சுப் போட்ட வண்டிக்கு வருஷம் கிடையாது."

முதியவர் சாய் கிளாஸைத் தரையில் வைக்கிறார். தலையாட்டுகிறார்.

"பெயின்ட்?" என்கிறார் அண்ணன்.

"வேலை நடந்த இடத்துல பிரைமர் இருக்கும் சார். சாம்பல் கலர். அப்படியே ஓட்டலாம். ஒரு மழைக்காலம் ஓட்டுங்க. எங்கேயாவது தண்ணி வந்தா எனக்குத் தெரியும். பெயின்ட் அடிச்சுட்டா தெரியாது."

அண்ணன் தாளைப் படிக்கிறார். கோட்டுக்கு மேலே ஒருமுறை. கோட்டுக்குக் கீழே ஒருமுறை. தம்பி தன் கையிலிருக்கும் இரண்டாவது தாளை நான்காக மடிக்கிறார்.

"அசல் என்ஜின்தானே இருக்கும்?" என்று கேட்கிறார் தம்பி.

"நம்பர் அடிச்ச அதே என்ஜின்."

அண்ணன் பேனாவை எடுக்கிறார். தாளின் அடியில் கையெழுத்திடுகிறார். பேனாவை மூடவில்லை. தம்பி பக்கம் நீட்டுகிறார். தம்பி வாங்கி, அண்ணனின் பெயருக்குக் கீழே போடுகிறார்.

முன்பணம் பாதிப் பாதி. அண்ணாச்சி எண்ணவில்லை, பையனிடம் கொடுக்கிறார். பையன் எண்ணுகிறான்.

இடப்பக்கப் பட்டை திங்கட்கிழமை வெட்டப்படும். வேலை முடியப் பங்குனி ஆகும். தை மாதக் கல்யாணத்துக்கு வாடகை டாக்சி.